டிசைன் வேலையும் சொந்த ஓவியமும்: ஒரே போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா?

ஓரக்கோடு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. நெடுநாளாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

7 வருடமாக ஒரு நிறுவனத்தில் பேக்கேஜிங் டிசைனராக இருக்கிறேன். அட்டைப்பெட்டி, லேபிள், பாட்டிலைச் சுற்றும் தாள், இவைதான் என் பகல். டைலைன் (பெட்டியை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று காட்டும் வரைபடம்) கைக்கு வந்ததும் எந்த மடிப்பு எந்தப் பக்கம் போகும், பசை தடவும் இடம் எது, பார்கோடு எங்கே உட்காரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். வேலை பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறுத்துப்போய் இதை எழுதவில்லை.

இரவில் குவாஷ் என்ற, அடித்தாள் தெரியாமல் மூடும் நீர்வண்ணத்தில் வரைகிறேன். 3 வருடம் ஆகிறது. நாற்காலி, கழற்றிப் போட்ட சட்டை, ஜன்னலில் காயும் தூரிகைகள் என்று வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள்தான். 40 ஓவியங்கள் சேர்ந்திருக்கின்றன. போன மாதம் ஒரு குழுக் கண்காட்சிக்கு 5 கொடுத்தேன், 2 விற்றன. ஆனால் பார்க்க வந்தவர்களில் ஒருவர், பல வருடமாக வரைகிறவர், "நன்றாக இருக்கிறது, ஆனால் போஸ்டர் மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது மனதை விட்டுப் போகவே இல்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். பொருளைச் சுற்றி எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, தாளின் நாலு ஓரத்திலும் முக்கியமான எதையும் வைக்காமல் ஒதுக்கியே வரைந்திருக்கிறேன். கட்டிங்கில் போய்விடும் என்ற பயம் கையிலேயே இருக்கிறது. ஓவியத்தை யார் கட்டிங் மிஷினில் வைக்கப்போகிறார்கள்?

அலுவலகத்தில் வேறு மாதிரி. மேலாளர் என் இணையப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "கிளையண்ட் இதைப் பார்த்தால் நீங்கள் யார் என்றே குழம்பிப்போவார், ஓவியங்களை எடுத்துவிடுங்களேன்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

இரண்டையும் தனித்தனிப் பக்கமாகப் பிரித்துவிடலாமா, வேறு பெயரில்கூட? அல்லது ஓவியத்துக்கு முழுசாக வருவதற்கு வேலையை விட்டால்தான் இந்தக் கைப்பழக்கம் போகுமா? இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

நாலுவண்ணம்

ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிரித்துவிடுங்கள். ஒரு இடத்துக்கு ஏராளமான போர்ட்ஃபோலியோ வந்து குவியும், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான் கிடைக்கும். பேக்கேஜிங்குக்கு ஆள் தேடும்போது முதல் பக்கத்தில் ஓவியம் வந்தால், இவருக்கு இந்த வேலையில் மனம் நிற்குமா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

8 வேலை போதும். விரித்த டைலைன் ஒரு பக்கம், மடித்து ஒட்டிய பெட்டியின் போட்டோ பக்கத்தில். அப்புறம், எது சரியாக வரவில்லை, எதை மாற்றினீர்கள் என்று 2 வரி. அந்த 2 வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

---

மைக்கறை

ஓரக்கோடு, நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது அந்த ஓரம் விடுகிற விஷயம்தான். எனக்கும் அப்படியே நடந்திருக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து 19 வருடம். முதல் 6 வருடம் ஒரு பதிப்பகத்தில் பக்க லேஅவுட்டும் புத்தக அட்டையும். அதன்பின் தனியாகச் செய்கிறேன். அதோடு 12 வருடமாக லினோகட் அச்செடுக்கிறேன், அதாவது லினோலியம் பிளாக்கில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றுவது. ஆரம்பத்தில் செதுக்கிய பிளாக்குகள் எல்லாம் புத்தக அட்டை மாதிரியே இருக்கும். உருவம் நடுவில், மேலே கொஞ்சம் வெற்றிடம். அங்கே தலைப்பு வரும் என்று யாரும் சொல்லவில்லை, கை தானாகவே இடம் விட்டுவிடும்!

யோசித்து யோசித்து இதைச் சரிசெய்ய முடியவில்லை. பொருளை மாற்றினேன். 30 சென்டிமீட்டர் பிளாக்கை விளிம்புவரை செதுக்கிவிட்டு, 25 சென்டிமீட்டர் தாளில் அச்செடுத்தேன். படம் தாளை மீறி ஓடியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. முதல் பிரதியில் ஒரு மரத்தின் பாதி வெளியே போய்விட்டது. அந்தப் பாதி மரத்தைப் பார்த்தபோதுதான் படத்துக்கு வெளியேயும் ஒரு உலகம் இருக்கிறது என்று உறைத்தது. குவாஷுக்கும் இதைச் செய்யலாம். தேவையைவிடப் பெரிய தாளில் நாலு பக்கமும் தாண்டி வரையுங்கள். காய்ந்தபிறகு 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளை எதிரெதிராக வைத்து நகர்த்திப் பாருங்கள். எங்கே வெட்டினால் படத்துக்கு மூச்சு வருகிறது என்று கண்ணே சொல்லும். வெட்டும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வரைவது பெட்டிக்குச் சரி, நாற்காலியில் கிடக்கும் சட்டைக்கு அது வேண்டாம்.

அந்த "போஸ்டர் மாதிரி" பற்றி. அதை வசவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக் 1891ல் பாரிஸின் மூலான் ரூஷ் கேளிக்கை அரங்குக்குச் செய்தது விளம்பரச் சுவரொட்டிதான், இன்று அது அருங்காட்சியகச் சுவரில் இருக்கிறது. பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1950கள் முழுக்க நியூயார்க்கில் விளம்பரங்களுக்குக் காலணிப் படம் வரைந்தவர். மை உறிஞ்சாத தாளில் கோடு போட்டு, ஈரம் காயுமுன் இன்னொரு தாளை அதன்மேல் அழுத்தி எடுப்பார். கோடு அங்கங்கே விட்டுவிட்டு, திட்டுத்திட்டாக விழும். ஒற்றியெடுப்பதில் அவருக்கு இருந்த அந்த ருசி, 1962ல் சில்க்ஸ்கிரீன் (சல்லடைத் துணி வழியாக மை இழுக்கும் அச்சு) ஓவியங்களுக்கு வந்தபோதும் கூடவே வந்தது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் வடிவமைத்தவர். சிவப்புப் பட்டையில் ஃப்யூச்சரா என்ற எழுத்துருவில் வெள்ளை எழுத்து, பின்னால் கறுப்புவெள்ளைப் போட்டோ. பத்திரிகைக் கையை அவர் மறைக்கவே இல்லை, அதையே படைப்பின் குரலாக ஆக்கிக்கொண்டார்.

அதற்காக அந்த ஓவியர் சொன்னதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். போஸ்டர் என்பது சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே பார்வையில் சொல்லி முடித்துவிட வேண்டும். சுவரில் மாட்டுகிற படத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறவருக்கும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் படத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நில்லுங்கள். தூரத்தில் தெரிந்ததற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லையா? அப்படியானால் அவர் சொன்னது சரி. குவாஷ் சீராகத் தட்டையாகப் படியக்கூடிய வண்ணம், போஸ்டர் டிசைனர்கள் அதை விரும்பியதே அதனால்தான். அதே வண்ணத்தைத் தண்ணீர் குறைத்து உலர்ந்த தூரிகையால் இழுத்தால் அடிவண்ணம் எட்டிப் பார்க்கும். சட்டையின் மடிப்பில் ஒரு இடத்தில் மட்டும் அதைச் செய்து பாருங்கள்.

போர்ட்ஃபோலியோ விஷயத்தில் நாலுவண்ணம் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்புகிற பிடிஎஃப்பில் பேக்கேஜிங் மட்டும் இருக்கட்டும். ஆனால் பெயரைப் பிரிக்காதீர்கள். நான் 4 வருடம் புனைபெயரில் லினோ அச்சுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். கண்காட்சிக்கு வந்தவருக்கு நான் புத்தக அட்டை செய்பவள் என்று தெரியாது, அட்டை கேட்டு வருகிறவருக்கு நான் செதுக்குவேன் என்று தெரியாது. ஒருநாள் ஒரு பதிப்பாசிரியர் என் அச்சு ஒன்றைக் காட்டி, "இந்த மாதிரிச் செதுக்கிற ஆளைக் கண்டுபிடித்துக் கொடுங்களேன்" என்று என்னிடமே கேட்டார். அன்று புனைபெயரை விட்டேன்.

இப்போது ஒரே தளம், ஒரே பெயர், உள்ளே நுழைய இரண்டு வாசல். டிசைன் பக்கத்தில் என்ன சிக்கல், யாருக்காக, என்ன செய்தேன் என்று விளக்கம் உண்டு. அச்சுப் பக்கத்தில் விளக்கமே கிடையாது. தலைப்பு, ஆண்டு, அளவு, தாள், எத்தனை பிரதி என்பது மட்டும். முதலில் ஓவியத்துக்கும் "இதில் நான் சொல்ல வருவது" என்று ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். கிளையண்டுக்கு நியாயம் சொல்கிற பழக்கம் அது. எடுத்துவிட்டேன். பவுலா ஷெர் 1991லிருந்து பென்டாகிராம் என்ற டிசைன் நிறுவனத்தில் பங்குதாரர், உலகமறிந்த லோகோக்கள் செய்தவர். அதே பெயரில்தான் பெரிய கேன்வாஸ்களில் நிலப்படங்களைக் கையால் எழுதி எழுதி நிரப்புகிறார்.

வேலையை விடுவது. என்னைக் கேட்டால், இப்போதைக்கு வேண்டாம். கையில் படிந்த பழக்கம் வேலையை விட்டதும் போய்விடாது. நீங்களோ வேலை பிடிக்கும் என்கிறீர்கள். ஓவியத்திடம் சோறு போடு என்று கேட்க ஆரம்பித்தால், எது விற்றதோ அதையே திரும்ப வரையச் சொல்லும் மனம். போன மாதம் விற்ற 2 படங்களை வாங்கியவர்கள் யார்? தெரிந்தவர்களா, முகம் தெரியாதவர்களா? 12 மாதத்துக்கு இதை மட்டும் குறித்துவையுங்கள். முகம் தெரியாதவர் இரண்டாம் முறை வந்து வாங்கினால், அப்போது வந்து மறுபடி கேளுங்கள். விட்டுவிட்டுத் தனியாகச் செய்ய முடிவெடுத்தாலும், வருமானத்தில் பாதிக்குமேல் ஒரே கிளையண்டிடமிருந்து வரும் நிலையில் இறங்காதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை எனக்கு மைதான் வழிகாட்டியது. எண்ணெய் மை காய நாலைந்து நாள் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அச்செடுத்துக் கொடியில் தொங்கவிட்டால் வியாழன் வரை தொட முடியாது. அந்த நாட்களில் மனம் நிம்மதியாகக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும்.

இதையெல்லாம்விட நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறீர்களா?

தனியாக வந்த புதிதில் ஒரு நிறுவனம் ஒரு நிகழ்ச்சிக்குப் போஸ்டர் கேட்டது. அதற்காக ஒரு மீன்கொத்தியை லினோவில் செதுக்கினேன். மூக்கின் விளிம்புக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் பிடித்தது, சிறிய வி-உளி ஒன்று அதிலேயே முனை போனது. 4 பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். ஒரு வருடம் கழித்து என் மீன்கொத்தியைப் பைகளிலும் நோட்டுப் புத்தகத்திலும் பார்த்தேன். மூக்கு வெட்டுப்பட்டிருந்தது, என் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டபோது ஒப்பந்தத்தின் 3ஆம் பக்கத்தைக் காட்டினார்கள். "இந்தப் பணியின்போது உருவாகும் அனைத்தும், மூலப்பொருள்கள் உட்பட" அவர்களுக்கே உரியவை என்று இருந்தது. அந்தப் பிளாக் இன்றும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் மை தடவி ஒரு பிரதி எடுத்து விற்க எனக்கு உரிமை இல்லை.

1886ன் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் படைத்தவுடனே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை. அது உண்மை. ஆனால் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்துவிட்டால் போய்விடும். சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது, பல நாடுகளில் நேரே முதலாளிக்குத்தான் சேரும். இப்போது நான் உரிமையை எழுதிக்கொடுப்பதில்லை, பயன்படுத்த உரிமம் தருகிறேன். எந்தப் பொருளில், எவ்வளவு காலத்துக்கு, எந்த இடத்தில் என்று எழுதிவிடுவேன். பை வேண்டுமென்றால் பைக்குத் தனியாக வந்து கேட்கட்டும்.

---

மிஷின்மேன்

அக்கா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை. தம்பி ஓவியத்தைப் பிரதி எடுத்து விற்கிற எண்ணம் வந்தால் அச்சுப் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு.

பேக்கேஜிங்கில் இருப்பவருக்கு நீலம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஓவியம் என்று வந்தால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்கிரீனில் பளபளக்கும் ஆர்ஜிபி நீலம், அச்சின் நாலு கலரில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) ஊதாவாக இறங்கும். சயானைவிட மெஜந்தாவைக் குறைந்தது 30 சதவீதம் குறைவாக வைத்தால்தான் நீலம் நீலமாக நிற்கும். ஒரு ஓவியர் தன் படத்துப் பிரதியைப் பார்க்க வந்து, ஈரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். கடல் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். ஃபைல் போட்ட நாங்களும் ப்ரூஃப் (மாதிரி அச்சு) காட்டியிருக்க வேண்டும், அவரும் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து, எந்தத் தாளில் ஓடப்போகிறதோ அதே தாளில் ப்ரூஃப் பார்க்காமல் நான் மிஷினை ஓட்டுவதில்லை.

குவாஷுக்கு இன்னொன்று. அது பளபளப்பில்லாமல் காயும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அடித்தால் படத்தின் குணமே மாறிவிடும். பூச்சில்லாத தாள் கேளுங்கள். அதில் மை கொஞ்சம் உள்ளே இறங்கி, அச்சுப் புள்ளிகள் பெருத்துப் படம் இருளும், அதனால் நிழல் பகுதிகளை ஃபைலிலேயே சற்று வெளுப்பாக்கிக் கொடுங்கள்.

30 பிரதி என்று எழுதினால் 30தான். 31ஆவது எடுத்தால் முதலில் வாங்கிய 30 பேரிடமும் சொன்ன வார்த்தை போய்விடும்.

---

ஓரக்கோடு

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் இருக்கும் படங்களில் 5ஐ எடுத்து வைத்து, 30 சென்டிமீட்டரில் நின்று பார்த்தேன். 5ல் 3 படங்களில் மேற்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை. தூரிகைகள் காயும் படத்தில் மட்டும் ஜன்னல் கண்ணாடியில் ஒரு இடம் நன்றாக இருந்தது. அங்கே வண்ணம் தீர்ந்துபோய்த் தூரிகையை வெறுமனே இழுத்திருக்கிறேன். அன்று அதைத் தப்பு என்று நினைத்து மேலே பூசப்போனவன், தூக்கம் வந்ததால் விட்டுவிட்டேன்.

அக்கா, ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். 7 வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்து. அதில் இருப்பது இதுதான்: "பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் அனைத்துப் படைப்புகளும் நிறுவனத்துக்கே உரியவை." பணிக்காலம் என்றால் அலுவலக நேரமா, இல்லை நான் இங்கே வேலையில் இருக்கும் 7 வருடமா? இரண்டாவது என்றால் அந்த 40 படங்கள்?

---

நாலுவண்ணம்

எங்கள் ஒப்பந்தத்திலும் இதே வரி. இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் இப்படிப் படித்துப் பார்க்கவில்லை. நாளைக்கே கேட்கிறேன்.

---

மைக்கறை

பயப்படாதீர்கள், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் படிக்கலாம், அதுதான் ஆபத்து. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படிப் படிக்கும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள். நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது சின்ன மாற்றம். "பணிக்காலத்தில்" என்பதை எடுத்துவிட்டு "பணியின் பகுதியாக" என்று போடச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் சொந்த ஓவியங்களின் பட்டியலை ஒப்பந்தத்துடன் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் சின்னப் போட்டோ, அளவு, வரைந்த தேதி, சொந்த நேரத்தில் சொந்தப் பொருளில் செய்தது என்ற ஒரு வரி. உங்கள் மேலாளர் நல்ல மனிதர் என்கிறீர்கள். எல்லாம் சுமுகமாக இருக்கும் இப்போதே கேட்பதுதான் சுலபம், ஒரு படம் பெரிதாக விற்றபிறகு கேட்டால் பேச்சே வேறாகிவிடும். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓவியத்தின் ஸ்கேன் எதுவும் இருந்தால் இனி அங்கே வைக்காதீர்கள்.

படத்தின் பின்பக்கம் பென்சிலால் தேதி எழுதும் பழக்கம் உண்டா?

---

ஓரக்கோடு

இல்லை. ஒன்றில்கூட எழுதவில்லை.

---

மைக்கறை

வரைந்து முடித்த அன்று போனில் படம் எடுத்திருப்பீர்கள், அதில் தேதி இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். போட்டோ இல்லாதவற்றுக்கு ஆண்டு நிச்சயமாகத் தெரிந்தால் ஆண்டை மட்டும் போடுங்கள், ஊகத்தில் தேதி போட வேண்டாம். மென்மையான பென்சில், அழுத்தாமல். குவாஷ் தாளில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும்.

---

ஓரக்கோடு

2பி பென்சில் இருக்கிறது. எல்லாவற்றையும் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். இதுவரை 11 படங்களுக்குப் போனில் தேதி கிடைத்திருக்கிறது. அந்த ஜன்னல் படத்தைத்தான் முதலில் எழுதினேன்.